டிரைவ்டிரெய்ன் பாகம் எல்லாம் போட்டும் கார் ஏன் வேகமாகவில்லை?

பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்ற கார் ரேஸ் கேமில் நிஸான் சில்வியா எஸ்15 காரை எடுத்து, ரேஸ் கிளட்ச், ரேஸ் டிரான்ஸ்மிஷன், ரேஸ் டிரைவ்லைன், ரேஸ் டிஃபரென்ஷியல் என்று கடைசிப் பாகம் வரை போட்டுவிட்டார். போதாததற்கு ஆல் வீல் டிரைவாகவும் மாற்றிவிட்டார். இருந்தும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பர்களோடு ஏ கிளாஸில் ஓட்டும்போது தார் ரோடு ரேஸ்களில் பின்தங்குகிறார். கார் வளைவில் திரும்ப மறுக்கிறது, நேர் ரோட்டிலும் இழுவை இல்லை. "ஸ்லைடர்களை எந்த எண்ணில் வைக்க வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

அவர் கேட்டது எண். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, இந்த நான்கு பாகமும் உள்ளே என்ன வேலை செய்கின்றன என்பது. அது புரிந்துவிட்டால் எண்ணை அவரே கண்டுபிடித்துவிடுவார், அடுத்த காருக்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. எனக்குத் தொழிலே கியர்பாக்ஸ் சோதனைதான். பொம்மசந்திராவில் பல வருடமாக அந்த வேலை. எங்கள் ஷாப்பில் வேலை பார்க்கும் சேலம், ஓசூர்ப் பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் இந்த கேமைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிரைவ்டிரெய்ன் பக்கத்தில் இருக்கும் எந்தப் பாகமும் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாது. இன்ஜின் கொடுப்பதை எப்போது, எந்தச் சக்கரத்துக்கு, என்ன விகிதத்தில் அனுப்புவது என்பதுதான் இவற்றின் வேலை. கிளட்ச் போட்டால் கியர் மாறும் நேரம் குறையும். டிரைவ்லைன் போட்டால் சுழலும் எடை குறையும். இவை இரண்டும் போட்ட உடனே கொஞ்சம் பலன் தரும். ரேஸ் டிரான்ஸ்மிஷனும் ரேஸ் டிஃபரென்ஷியலும் அப்படியில்லை. அவை முக்கியமாக உங்களுக்குத் தருவது மாற்றியமைக்கும் உரிமை. போட்டுவிட்டு ஸ்லைடரைத் தொடாமல் விட்டால் கிரெடிட்டும் (கேமின் பணம்) பி.ஐ.யும் (காரின் திறனுக்குக் கேம் போடும் எண்) செலவானதுதான் மிச்சம்.

பி.ஐ. செலவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ கிளாஸ் என்றால் 701-இலிருந்து 800 வரை. அந்த 800-க்குள் டயர், எடைக் குறைப்பு, இன்ஜின், டிரைவ்டிரெய்ன் எல்லாம் அடங்க வேண்டும். ஒன்றுக்குக் கூடக் கொடுத்தால் இன்னொன்றில் கை வைத்தாக வேண்டும். ஆல் வீல் டிரைவ் மாற்றம் எடையையும் ஏற்றும், பெரும்பாலான கார்களில் பி.ஐ.யையும் கணிசமாக ஏற்றும். அதை ஈடுகட்ட நம் நண்பர் இன்ஜினிலோ டயரிலோ குறைத்திருப்பார். நேர் ரோட்டில் இழுவை இல்லாததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

டிரைவ்லைனைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சுழலும் எடை எவ்வளவு உறுத்தும் என்பது அது எங்கே சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. கியர்பாக்ஸுக்கு முன்னால் இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பாரம், மொத்த கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி உணரப்படும். அதனால் முதல் கியரில் அது பெரிய சுமை, ஆறாவதில் ஒன்றுமே இல்லாத மாதிரி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓடும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் பாரம் ஃபைனல் டிரைவின் (சக்கரத்துக்கு முன்னால் வரும் கடைசிப் பல் ஜோடியின் விகிதம்) வர்க்கத்தால் மட்டுமே பெருகும், அதுவும் எல்லா கியரிலும் ஒரே அளவு. ஷாஃப்ட்டும் விட்டத்தில் சின்னது. ஆக, டிரைவ்லைனைக் கடைசியில் மிஞ்சும் ஓரிரு பி.ஐ.யை நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சும் அப்படித்தான்.

இப்போது ஆல் வீல் டிரைவ். இதில் நம்பிக்கையைவிடக் கணக்கு நன்றாகப் பேசும். 1,300 கிலோ கார், எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி, வீல்பேஸ் 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், டயரின் பிடிப்புக் கெழு 1 என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எடை பின்னால் சாயும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முன்சக்கர டிரைவ் காரால் அதிகபட்சம் 0.42 ஜி முடுக்கம் எடுக்க முடியும் (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). பின்சக்கர டிரைவுக்கு 0.63 ஜி. நான்கு சக்கரமும் இழுத்தால் 1 ஜி. கிளம்பும் இடத்தில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், மறுக்க முடியாது.

ஆனால் இந்த நன்மை எந்த வேகம் வரை என்று பாருங்கள். சக்கரத்துக்கு 200 கிலோவாட் வருகிறது, அதாவது சுமார் 270 குதிரைத்திறன். பின்சக்கரங்கள் தாங்கும் இழுவிசை ஏறக்குறைய 8,000 நியூட்டன். 200 கிலோவாட்டால் 8,000 நியூட்டன் கொடுக்க முடிவது வினாடிக்கு 25 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வரைதான். அதற்கு மேல் இன்ஜினால் டயரைச் சுழற்றிவிட முடியாது. ஆகவே காய்ந்த தார் ரோட்டில், நேரான பாதையில், 90-ஐத் தாண்டிய பிறகு முன்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டும் டிஃபரென்ஷியலும் வெறும் சுமை. உங்கள் ரேஸில் 90-க்குக் கீழே கார் எவ்வளவு நேரம் இருக்கிறது? கிளம்பும் நொடிகளும் ஒன்றிரண்டு கொண்டையூசி வளைவுகளும்தான் என்றால், அதற்காக ரேஸ் முழுக்க அந்த எடையைச் சுமக்கிறீர்கள்.

மண் ரோட்டில் இதே கணக்கு தலைகீழாகிவிடும். பிடிப்புக் கெழு 0.6 என்று போட்டால் பின்சக்கர டிரைவ் கார் மணிக்கு 165 கிலோமீட்டர் வரை சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அங்கே ஆல் வீல் டிரைவ் இல்லாமல் போவது வீண். 1980-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஆவுடி குவாட்ரோ ராலி உலகையே புரட்டிப் போட்டதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. தார் ரேஸிலும் மண் ரேஸிலும் ஒரே காரை வைத்து ஜெயிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு கார் கட்டுங்கள்.

அடுத்தது கியர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஜேசி ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் ஃபைனல் டிரைவுக்கான கிரவுன் பினியன் செட் கேட்டால், பல் எண்ணிக்கை சொல்லச் சொல்வார்கள். பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.56. 10-க்கு 43 என்றால் 4.30. நிஜக் காரில் இதை மாற்றுவது முழு நாள் வேலை. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனிக்கு ஓடுகிறதா, வேருக்கு இறங்குகிறதா என்று கவனித்து, ஷிம் வைத்து, பேக்லாஷ் அளந்து, மறுபடி பிரித்து மாட்ட வேண்டும். தடம் ஒரு ஓரமாக விழுந்த செட் சோதனை மேடையில் ஏறியதுமே ஊளையிடும். கேமில் 4.56-ஐ 4.30 ஆக்க விரலை நகர்த்தினால் போதும். அந்தச் சுலபத்தினாலேயே பலர் அதை அளக்காமல் நகர்த்துகிறார்கள்.

ஃபைனல் டிரைவ் எல்லா கியரையும் ஒரே விகிதத்தில் நீட்டும் அல்லது குறுக்கும். ஒரு உதாரணம்: இன்ஜினின் எல்லை 7,000 ஆர்பிஎம், டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும், ஆறாவது கியர் 0.80, ஃபைனல் டிரைவ் 4.00. மொத்த விகிதம் 3.2. சக்கரம் நிமிடத்துக்கு 2,187 சுற்று, அதாவது மணிக்கு 262 கிலோமீட்டர். ஃபைனலை 3.50 ஆக்கினால் இதுவே 300 கிலோமீட்டர். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த 300-க்கு உங்கள் இன்ஜின் போகுமா? காற்றைப் பிளக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தில் ஏறுகிறது. வேகம் பத்து சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி முப்பத்து மூன்று சதவீதம் கூட வேண்டும். இன்ஜின் 260-லேயே மூச்சு வாங்கும் காரில் 300-க்கு கியர் வைத்தால், ஆறாவது கியர் பயன்படாமலே கிடக்கும். மற்ற ஐந்தும் தேவைக்கு மேல் நீண்டு, எல்லா இடத்திலும் இழுவை குறைந்திருக்கும். நீங்கள் ஓட்டும் பாதையின் மிக நீளமான நேர் ரோட்டில் அதிகபட்சம் எவ்வளவு தொடுகிறீர்கள் என்று பாருங்கள். அங்கே கடைசி கியர் சிவப்புக் கோட்டை நெருங்கும்படி ஃபைனலை வையுங்கள். இதற்கு ஸ்போர்ட் டிரான்ஸ்மிஷனே போதும்; அதிலேயே ஃபைனலை மாற்றலாம்.

தனித்தனி கியரை மாற்ற ரேஸ் டிரான்ஸ்மிஷன் தேவை. கியர்களுக்கிடையே உள்ள இடைவெளி மேலே போகப் போக நெருங்க வேண்டும். 3.00, 2.10, 1.56, 1.22, 0.98, 0.80 என்று ஒரு அடுக்கு வைத்துப் பாருங்கள். 7,000-இல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் ஆர்பிஎம் 4,900-க்கு விழும். ஐந்திலிருந்து ஆறுக்கு மாற்றினால் 5,700-க்குத்தான் விழும். மேல் கியர்களில் காற்று எதிர்ப்பு மிஞ்சிய சக்தியைத் தின்றுவிடுவதால், அங்கே ஆர்பிஎம் ஆழமாக விழுந்தால் கார் மறுபடி எழ நேரம் பிடிக்கும். கீழ் கியர்களில் சக்தி தாராளம். பெரிய பள்ளத்தையும் தாண்டிவிடும்.

இதே அடுக்கில் ஃபைனல் 4.00 என்றால் இரண்டாவது கியர் சரியாக மணிக்கு 100 கிலோமீட்டரில் முடிந்துவிடும். உங்கள் பாதையில் ஒரு வளைவை 95-இல் முடித்து வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் நேராகும் அந்தக் கணத்திலேயே இன்ஜின் எல்லையை முட்டும், கியர் மாற்ற வேண்டிவரும், இழுவை அறுபடும், எடை முன்னும் பின்னும் ஆடும். இரண்டாவதை 1.90 ஆக்குங்கள். அது 110 வரை இழுக்கும்; வளைவிலிருந்து முழுதாக வெளியே வந்த பிறகு நிதானமாக மூன்றாவதுக்குப் போகலாம். ஒரே ஒரு ஸ்லைடர்தான், ஆனால் அந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. கியர் டியூனிங் என்று நான் மதிப்பது இந்த மாதிரி வேலையைத்தான். பத்து கியர் பெட்டியை வாங்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு நேர் ரோட்டிலும் நான்கு தடவை மாற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கணம் இழுவை இல்லாத கணம். சக்தி ஒரு குறுகிய ஆர்பிஎம் பட்டைக்குள் அடைந்து கிடக்கும் இன்ஜினுக்குத்தான் நிறைய கியர் வேண்டும்.

எப்போது மாற்றுவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. சிவப்புக் கோடு வரை இழுப்பது எல்லா இன்ஜினுக்கும் சரியில்லை. இப்போதைய ஆர்பிஎம்மில் கிடைக்கும் சக்தியைவிட, மாற்றினால் விழப்போகும் ஆர்பிஎம்மில் கிடைக்கும் சக்தி அதிகமென்றால் உடனே மாற்றிவிட வேண்டும். மேலே போகப் போக டார்க் (சுழற்றும் விசை) சரிந்துவிடும் சின்ன டர்போ இன்ஜின்களில் இது சிவப்புக் கோட்டுக்கு நன்றாக முன்பே வந்துவிடும்.

இனி டிஃபரென்ஷியல். நண்பரின் கார் வளைவில் திரும்ப மறுப்பதற்கு விடை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டையூசி வளைவில், 1.6 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சக்கரங்களில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும். 100 மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் இது ஒன்றரை சதவீதம் சொச்சம்தான். இந்த வித்தியாசத்தை அனுமதிப்பதுதான் டிஃபரென்ஷியல். சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம டார்க்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டிச் சுழன்றால், கெட்டித் தரையில் இருக்கும் மற்ற சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப டார்க்தான் போகும். மழைக்காலத்தில் ரோடு ஓரப் பள்ளத்தில் கார் நின்ற இடத்திலேயே உறுமுவதைப் பார்த்திருப்பீர்கள்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களையும் ஓரளவு பிணைத்து அதைத் தடுக்கிறது; அந்தப் பிணைப்பைத்தான் லாக் என்கிறோம். இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. அது எப்போதுமே வேகமாகச் சுற்றும் சக்கரத்திடமிருந்து எடுத்து, மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்குக் கொடுக்கும். வளைவில் எந்தச் சக்கரமும் வழுக்காமல் உருளும்போது வேகமாகச் சுற்றுவது வெளிச்சக்கரம். அப்போது லாக் டார்க்கை உள்சக்கரத்துக்குத் தள்ளும். அது காரை நேராக்கப் பார்க்கும், அதாவது அண்டர்ஸ்டியர். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, எடை இல்லாத உள்சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்த உடனே கதை மாறுகிறது. இப்போது வேகமானது உள்சக்கரம். லாக் டார்க்கை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பும். கார் வளைவுக்குள் திரும்ப உதவும். ஒரே ஸ்லைடர், ஒரே எண், வளைவின் நடுவில் ஒரு வேலையும் வெளியேறும்போது அதற்கு நேர் எதிரான வேலையும் செய்கிறது. "லாக் கூட்டினால் அண்டர்ஸ்டியரா ஓவர்ஸ்டியரா (தேவைக்கு மேல் திரும்புவது)" என்று இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேரும் சரிதான். ஒவ்வொருவரும் வளைவின் வேறு இடத்தைச் சொல்கிறார்கள்.

அதனால்தான் கேமில் ஆக்ஸிலரேஷன், டிஸெலரேஷன் என்று இரண்டு ஸ்லைடர். முதலாவது கால் அழுத்தியிருக்கும்போது, இரண்டாவது கால் எடுத்திருக்கும்போது. வளைவுக்குள் நுழையும்போது, பிரேக்கையும் விட்டுவிட்டு உருளும் நிலையில் கார் மூக்கைத் திருப்பவில்லை என்றால் டிஸெலரேஷனைக் குறையுங்கள். காலை எடுத்ததும் வால் ஆடினால் கூட்டுங்கள். வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் புகைந்தால் ஆக்ஸிலரேஷன் போதவில்லை. இரண்டும் ஒருசேரப் பிடிப்பை விட்டு வால் சட்டென்று வீசினால் ஆக்ஸிலரேஷன் அதிகம். எந்தச் சக்கரம் என்று கண்ணால் யூகிக்க வேண்டாம். டெலிமெட்ரி திரையைத் திறந்தால் நான்கு டயரின் பிடிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

ஆல் வீல் டிரைவில் முன் டிஃபரென்ஷியலுக்கும் இதே இரண்டு ஸ்லைடர் வரும், நடுவில் முன்பின் பங்கீடும் வரும். முன்சக்கரம் திருப்பும் வேலையையும் இழுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்வதால், அங்கே லாக் கூடினால் கார் அகலமாகப் போகும். நண்பரின் கார் திரும்ப மறுப்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. முன் ஆக்ஸிலரேஷன் 20-இலிருந்து 30-க்குள், முன் டிஸெலரேஷன் பூஜ்யம், பின் ஆக்ஸிலரேஷன் 60-லிருந்து 70, பின் டிஸெலரேஷன் 15-லிருந்து 20, பங்கீடு எழுபது சதவீதம் பின்னால் என்று தொடங்கலாம். 1989-இல் வந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் இதே எண்ணத்தில் செய்த கார். சாதாரணமாகப் பின்சக்கரம்தான் இழுக்கும், பின்னால் வழுக்கினால் மட்டும் ஐம்பது சதவீதம் வரை முன்னால் அனுப்பும். கேமில் உங்கள் பங்கீடு ஓடும்போது மாறாது, நீங்கள் வைத்த எண்ணிலேயே நிற்கும்.

இதுவரை சொன்னதில் எது எவ்வளவு உறுதி? கியர் கணக்கு நூற்றுக்கு நூறு. அது பல் எண்ணிக்கை, வேறு கருத்துக்கு இடமில்லை. ஆல் வீல் டிரைவ் கணக்கு திசையில் உறுதி. 90, 165 என்ற எண்கள் நான் எடுத்துக்கொண்ட பிடிப்பையும் சக்தியையும் பொறுத்தவை. உங்கள் டயர் நன்றாக இருந்தால் தார் ரோட்டில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். டிஃபரென்ஷியல் எண்கள் மட்டும் வெறும் ஆரம்பப் புள்ளி. நிஜ டிஃபரென்ஷியலில் லாக் என்பது ராம்ப் கோணம், ஃப்ரிக்‌ஷன் பிளேட் எண்ணிக்கை, ப்ரீலோட் இவை மூன்றும் சேர்ந்தது. கேமின் 60 சதவீதத்தை அந்தக் கோணங்களுக்கு நேரடியாகப் பொருத்திப் பார்க்க வழியில்லை. கன்ட்ரோலரில் ஓட்டுபவருக்கும் ஸ்டியரிங் வீல் வைத்து ஓட்டுபவருக்கும் பிடித்த எண் வேறாக இருக்கும். சக்கரம் வழுக்காமல் கேமே பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் போட்டு ஓட்டினால் ஆக்ஸிலரேஷன் ஸ்லைடரின் பலனில் பாதி தெரியவே தெரியாது.

நண்பரின் சில்வியாவுக்கு நான் சொல்வது இது. தார் ரேஸுக்கு அதைப் பின்சக்கர டிரைவுக்கே திருப்பிவிடுங்கள். மிஞ்சும் பி.ஐ.யை முதலில் டயருக்கும் பிறகு எடைக் குறைப்புக்கும் கொடுங்கள். ரேஸ் டிஃபரென்ஷியலை வைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான கார்களில் அது மிகக் குறைந்த பி.ஐ.தான் கேட்கும், கொடுப்பதோ நிறைய. ஆக்ஸிலரேஷன் 55, டிஸெலரேஷன் 20 என்று தொடங்குங்கள். டிரான்ஸ்மிஷன் முதலில் ஸ்போர்ட் போதும். ஃபைனலைச் சரிசெய்த பிறகும் ஏதாவது ஒரு வளைவில் தப்பான இடத்தில் கியர் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் ரேஸுக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஸ்லைடர், ஐந்தைந்தாக. அதே பாதை, அதே வளைவு, காற்றழுத்தமும் ஆன்டி ரோல் பாரும் தொடாமல். அப்படி ஓட்டிய பிறகும் நுழையும்போது திரும்பவில்லை என்றால் பிரச்சினை டிரைவ்டிரெய்னில் இல்லை, முன்பக்க ஸ்பிரிங்கையும் பிரேக் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டு எண்ணையும், எந்த வளைவில் நடக்கிறது என்பதையும் எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.